இறுங்கு இலைச் சோறு

எனக்குப் பத்து வயது நடந்த ஓகஸ்ட் விடுமுறையில் பெரியப்பா என்னைத் தன் மொழிபெயர்ப்பாளராக நியமித்தார். பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பசுவைப் பற்றிப் பேசி முதற்பரிசு வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பசுவைப் பற்றி அவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் பேசியதில்லை.

லண்டனில் இருந்த அக்கா தன் கணவரோடு முதன்முதலாகக் கோப்பாய்க்கு வந்திருந்தார். அவர் பெரியப்பாவின் ஒரே மகள். ஒரே வளவில் இரண்டு வீடு. முன்வீடு பெரியப்பாவுடையது, பின்வீடு எங்களுடையது. ஆகவே அக்காவின் கலியாணத்தைப் பற்றி முன்வீட்டில் கதைக்காமல் விட்டதையெல்லாம் பின்வீட்டில் இருந்து நான் கேட்டிருந்தேன்.

பெரியப்பாவின் கோபத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. வீட்டில் ஒரு சொல் கேட்காமல் அக்கா கலியாணம் கட்டியது ஒன்று. கட்டியவர் கானா நாட்டுக்காரர் என்பது மற்றது. இரண்டில் எது பெரிய காரணம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கானா என்றால் அப்போது எனக்குச் சினிமாவில் வரும் ஒருவகைப் பாட்டு. அது நாடு என்று அப்பாதான் உலகப்படத்தில் ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் விரலை வைத்துக் காட்டினார்.

கலியாணச் செய்தி வந்த நாளிலிருந்து பெரியப்பா மகளோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் அழைப்பு வரும். பெரியம்மா கதைப்பார். பெரியப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பார். அக்கா சொல்வதையெல்லாம் பெரியம்மா ஒருமுறை சத்தமாகத் திருப்பிச் சொல்வார். "அங்கை நல்ல குளிராம்." "வீடு மாறிட்டினமாம்." பெரியப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டுபேரும் வந்து நிற்கட்டுமா என்று பெரியம்மா கேட்டபோது அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"வீடு திறந்துதானே கிடக்கு" என்றார்.

பெரியம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், சாமியறைக்குப் பக்கத்து அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்தார்.

வான் வந்து நின்றது. அத்தான் இறங்கி, சப்பாத்தைக் கழற்றி, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு விறாந்தைக்கு ஏறினார். லண்டனில் ஓர் ஆசுப்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பகுதியில் அவருக்கு வேலை என்றும், அக்காவும் அங்கே தாதி என்றும் எனக்குத் தெரியும். பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். இவர் நன்றாக மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டில், பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர்போல இருந்தார். கைகூப்பி, "வணக்கம் மாமா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டார். விமானம் முழுக்கச் சொல்லிப் பழகியிருக்கவேண்டும்.

பெரியப்பா தலையை ஆட்டினார். பிறகு அவரையும் பார்க்காமல், அவருக்குப் பக்கத்தில் நின்ற மகளையும் பார்க்காமல், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"வந்தவரை இருக்கச் சொல்லு பிள்ளை."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அத்தான் கதிரையில் இருந்தார். ஒரு வசனத்தால் ஒரு பெரிய மனிதரை இருத்திவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அன்றிலிருந்து எனக்கு ஓய்வில்லை. அத்தானிடம் கேட்பதெல்லாம் என் வழியாகப் போய் என் வழியாக வந்தது. அக்காவிடம் கேட்பதும் அப்படித்தான். "கொக்காவிட்டைக் கேள், தேத்தண்ணி குடிக்கிறாவோ எண்டு" என்பார் பெரியப்பா. நான் மறுபக்கம் திரும்பி, இரண்டடி தள்ளி நின்ற அக்காவிடம், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பேன். அக்கா என்னிடம் "ஓம்" என்பார். நான் திரும்பி, "ஓமாம்" என்பேன். தமிழிலிருந்து தமிழுக்குச் செய்த இந்த வேலையையும் நான் மொழிபெயர்ப்பாகவே கணக்கில் வைத்துக்கொண்டேன். அதுதான் எனக்குச் சுலபமாகவும் இருந்தது.

காலைச்சாப்பாட்டில்தான் முதற்சிக்கல் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குக் காலையில் பாண் கொடுக்கவேண்டும் என்பது பெரியம்மாவின் முடிவு. அப்பா விடியவே போய்ச் சூட்டோடு பாண் வாங்கி வருவார். அதை மெல்லிசாக வெட்டி, பட்டரும் ஜாமும் வைத்து, ஒரு முட்டைப்பொரியலோடு மேசையில் அத்தானுக்குப் பரிமாறுவார்கள். எதைக் கொடுத்தாலும் அவர் சாப்பிடுவார் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். தன்னைச் சிரமப்படுத்தக்கூடாது என்று மகள் அப்படிச் சொல்வதாக நினைத்து, பெரியம்மா பாணை இன்னும் மெல்லிசாக வெட்டினார்.

அதே நேரம் குசினியில் பெரியப்பா பலகையில் இருந்து, குரக்கன் புட்டைக் குவித்து, முதல்நாள் மீன்குழம்பை மேலே ஊற்றிக் குழைத்துச் சாப்பிடுவார். அவர் தோட்டத்துக்குப் போகிறவர். இரண்டு மணிவரை அவருக்கு அது தாங்கவேண்டும். அக்காவும் குசினியில்தான் சாப்பிட்டார். அவர் வீட்டுப் பிள்ளை, விருந்தாளி இல்லை. குழம்பு மணம் மேசைவரைக்கும் வரும். அத்தான் பாண் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலையே பார்ப்பார். இன்னும் வேண்டுமா என்று கேட்டால், மிகவும் மரியாதையாகப் போதும் என்பார். நானும் அதை உள்ளபடியே, "போதுமாம்" என்று குசினிக்குச் சொல்வேன்.

சில நாளில் அவர் ஊர் பார்க்கப் புறப்படத் தொடங்கினார். அப்பாவின் சைக்கிளை எடுத்து, பாதை சொல்ல என்னைப் பின்னால் ஏற்றிக்கொள்வார். நாங்கள் பார்த்த ஊர் சந்தித் தேத்தண்ணிக்கடையோடு முடிந்தது. அங்கே இடியப்பமும் சொதியும் சம்பலும் இருந்தன. இன்னும் ஐந்து, இன்னும் ஐந்து என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல்நாள் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கடைக்கார அண்ணை எங்களுக்கென்று ஒரு மேசையைத் துடைத்து வைத்திருந்தார். எனக்கு உழுந்து வடை. தங்கள் ஊரிலும் காலையில் இப்படித்தான் பயற்றை அரைத்து எண்ணெயில் பொரிப்பார்கள், சிறுதானியக் கஞ்சியோடு சாப்பிடுவார்கள் என்று அத்தான் சொன்னார். வடையை அவர் என் கையிலிருந்து ஒரு துண்டு பிய்த்துப் பார்த்துவிட்டு, பிறகு தனக்கும் நான்கு சொல்லச் சொன்னார்.

பேப்பர் வாங்கச் சந்திக்கு வந்த அப்பா எங்களைக் கண்டுவிட்டார். எங்களோடு இருந்து தேத்தண்ணீர் குடித்தார். ஆனால் எங்கள் ஊரில், வீட்டுக்கு வந்த விருந்தாளி கடையில் சாப்பிட்டார் என்பது களவு போனதைவிடப் பெரிய விஷயம். அது பின்னேரத்துக்குள் பெரியப்பாவின் காதுக்குப் போய்விட்டது.

விறாந்தையில் எல்லாரும் இருந்தோம். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேள் பிள்ளை, எங்கடை வீட்டுச் சாப்பாட்டிலை என்ன குறையெண்டு" என்றார் பெரியப்பா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் கேட்டேன். அத்தான் கதிரையை விட்டு எழுந்து நின்றுகொண்டு சொன்னார். குறை ஒன்றும் இல்லை, கேட்க வெட்கமாக இருந்தது, அதுதான் பிழை. தங்கள் ஊரில் காலைச்சாப்பாடுதான் சாப்பாடு. விடியமுன்னமே தெருவோரத்தில் சோறும் கௌபிப் பயறும் சேர்த்துச் சமைத்த பெரிய பானைகள் வந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டால் பின்னேரம்வரை பசிக்காது. வெறும் பாணைச் சாப்பிட்டால் தனக்கு நோயாளியாக இருப்பதுபோல இருக்கிறது.

இவ்வளவையும் மொழிபெயர்க்க என்னிடம் சொல் போதவில்லை. கடைசியை மட்டும் சொன்னேன். "பாண் வருத்தக்காரருக்குக் குடுக்கிறதாம்."

பெரியப்பா பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "நான் உனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்" என்றார்.

அது அவருடைய பழைய கட்சி. காய்ச்சல் வந்தாலொழியப் பாணைத் தொடமாட்டார். அதே கட்சியில் இன்னொருவர் ஆபிரிக்காவிலிருந்து வந்து சேருவார் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. அடுத்தநாள் காலை குசினியில் இன்னொரு பலகை போடப்பட்டது. ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு அத்தானோடு போயிற்று. கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, வேலை செய்கிற ஆளின் சாப்பாடு என்று யாருக்கும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார். அன்று தோட்டத்துக்குப் புறப்படும்போது வாசலில் சற்று நின்றார். அத்தானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனார். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நானும் போனேன்.

பெரியப்பா வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டினார். தோட்டத்து எல்லையில், மாட்டுக்கென்று ஒரு வரிசை இறுங்கு நட்டிருந்தார். சோளத்தைப்போல உயரமாக வளரும், சிறுமணித் தானியம். அடித்தாளின் மடல்கள் காய்ந்து கருஞ்சிவப்பாய் இருந்தன. அத்தான் அதைக் கண்டதும் வரம்பால் ஓடினார். ஒரு மடலை உரித்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது! காலைச்சாப்பாட்டுக்கு இதைத்தான் நாங்கள் அவிக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் முகம்போல இருந்தது. தான் ஒருநாள் எல்லாருக்கும் சமைக்கவேண்டும், இதில் கொஞ்சம் எடுக்கலாமா என்று மாமாவிடம் கேட்கச் சொன்னார்.

"இதைத்தானாம் காலமை அவிச்சுச் சாப்பிடுறவை. கொஞ்சம் தரட்டாம்" என்றேன்.

பெரியப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "உந்தச் சருகையோ?"

"ஓம்."

அவர் அத்தானைப் பார்த்த பார்வை மாறியது. வந்த நாளிலிருந்து அவர் அத்தானை நேராகப் பார்த்ததே அப்போதுதான். அதில் கோபம் இல்லை. மெதுவாக, "கேள் பிள்ளை, சின்னனிலை வீட்டிலை அரிசி இருக்கேல்லையோ எண்டு" என்றார்.

நான் அதையும் ஒரு சொல் விடாமல் கேட்டேன். பிழை விடாமல் கேட்டதற்காகப் பெருமையாகவும் இருந்தது. அத்தானின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. கையிலிருந்த மடலைப் பார்த்தார்.

தேத்தண்ணீர்ப் போத்தலோடு வரம்பில் வந்துகொண்டிருந்த அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டார். போத்தலை மண்ணில் வைத்தார்.

"அப்பா" என்றார்.

நான் இடையில் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவையள் அதைத் தின்னுறேல்லை அப்பா. சோத்துக்கு நிறம் பிடிக்கிறதுக்குப் போட்டு அவிச்சிட்டு எடுத்து எறியிறது. நாங்கள் கறிக்கு றம்பை இலை போடுறமாதிரி." மூச்சு வாங்கிக்கொண்டார். "இவரின்ரை அம்மா அந்தச் சோத்தைத் தெருவிலை வைச்சு வித்துத்தான் நாலு பிள்ளையளையும் படிப்பிச்சவா. விடிய ஒரு ஊருக்கே சாப்பாடு குடுத்தவா. அரிசி இல்லாத வீடில்லை."

பெரியப்பா மறிக்காமல் விட்ட வாய்க்கால் தண்ணீர் ஒரு பாத்தியை நிரப்பி, அடுத்த பாத்திக்குள் விழுந்து, வெங்காயத் தாள்கள் மூழ்கத் தொடங்கின. தண்ணீர் விஷயத்தில் அவர் அப்படி விட்டதை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. கடைசியில் குனிந்து மடையை மாற்றினார். குனிந்தபடியே கேட்டார்.

"அப்ப, எவ்வளவு வேணுமாம்?"

நான் வழக்கம்போல அக்காவிடம் திரும்பி வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "ஒரு பிடி காணும் அப்பா" என்று சொல்லிவிட்டார். கேள்வியும் போய்ப் பதிலும் வந்துவிட்டது. நான் நடுவில் வாயைத் திறந்தபடி நின்றேன். எனக்கு அழுகை வந்தது. யாரும் கவனிக்கவில்லை. பெரியப்பா இறுங்கு வரிசைக்குப் போய், நல்ல சிவப்பாகப் பார்த்து, இரண்டு கை நிறைய மடல்களை உரித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் சமைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் பெரியப்பா வீட்டில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை. தன் ஊரில் இந்தச் சோற்றோடு கருவாட்டு மிளகாய்ச் சம்பல் ஒன்று இல்லாமல் முடியாது என்று அத்தான் சொல்ல, சமைக்கும் நாளை மாற்றலாமா என்று அக்கா யோசித்தார். பெரியம்மா மாற்றவேண்டாம் என்றார். இறுங்கு மடலை உரித்துக் கொடுத்த மனிதர் அடுத்த கிழமை எப்படி இருப்பார் என்று அவருக்கு நிச்சயம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஊறவைத்த கௌபியை மடல்களோடு அடுப்பில் ஏற்றியதும் தண்ணீர் கருஞ்சிவப்பாகக் கொதித்தது. ஓர் ஆண் தன் அடுப்படியில் நிற்பதைப் பெரியம்மா முதலில் பெரிய கவலையோடு பார்த்தார். அத்தான் அப்பச்சோடா கேட்டதும் அந்தக் கவலை போய்விட்டது. அப்பத்துக்கு அல்லவா போடுவது என்று ஆச்சரியப்பட்டு, தானே ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டார். பிறகு அகப்பையையும் அவரிடம் கொடுத்துவிட்டார். அரிசியைப் போட்டு மூடினார்கள். இன்னொரு சட்டியில் தக்காளியும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் எண்ணெயில் சுண்டின. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை நான் வெட்டிக் கொடுக்க அக்கா பொரித்தார். மூடியைத் திறந்தபோது சோறு எங்கள் குத்தரிசியின் நிறத்தில் இருந்தது. சாப்பாட்டின் பெயர் வாச்சே என்றார் அத்தான். பெரியம்மா அதை "வாச்சுதே" என்றுதான் கடைசிவரை சொன்னார்.

தங்கள் ஊரிலும் இதை இலையில்தான் வைப்பார்கள் என்றதும் நான் வாழையிலை வெட்டி வந்தேன். பெரியப்பா கிணற்றில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து பலகையில் இருந்தார். அப்பா, அம்மா, நான், எல்லாரும் எங்கள் இலைகளைத் தொடாமல் அவரையே பார்த்தோம். அவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார்.

"உறைப்புக் காணாது" என்றார்.

எனக்கு அத்தானைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பத் தொடப்போகாத சாப்பாட்டுக்குப் பெரியப்பா குறை சொல்வதில்லை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பெரியப்பா இலையை ஒரு பருக்கை விடாமல் வழித்தார். பிறகு நிமிராமல் சொன்னார்.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடு."

என்னை எப்போதும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். நான் பாய்ந்து போய் அகப்பையை எடுத்தேன். அதே நேரம் அக்காவின் கையும் அதில் விழுந்தது. நான் விடவில்லை.

"என்னையெல்லோ கூப்பிட்டவர்" என்றேன்.

அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார். பெரியப்பா தலையை நிமிர்த்தினார். என்னைத் தாண்டி அவர் பார்வை போனது. நான் அகப்பையை விட்டுவிட்டேன். அக்கா குனிந்து இலையில் சோற்றைப் போட்டார், அதிகமாகப் போட்டார், போதும் என்று பெரியப்பா கையைக் காட்டவில்லை. பெரியம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். குசினியில் புகை அதிகம்தான்.

சாப்பாடு முடிந்து விறாந்தைக்கு வந்ததும், பெரியப்பா அத்தானுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் என் இடத்தில் ஆயத்தமாக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு சொல்லும் தடக்காமல் ஆங்கிலத்தில், உங்கள் அம்மா இன்னும் சமைக்கிறாவா என்று கேட்டார். அம்மாவுக்கு இப்போது முழங்கால் இயலாது, தங்கைதான் பானையைப் பார்க்கிறாள் என்றார் அத்தான். தான் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டதாகத் தாயிடம் சொல்லும்படி சொல்லிவிட்டு, பெரியப்பா தோட்டத்துக்குப் போக எழும்பினார்.

நான் பின்வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு அது புதினமாகவே இல்லை.

"அவர் காங்கேசன்துறையிலை சீமெந்து ஆலையிலை நிண்ட காலத்திலை வெளிநாட்டு இஞ்சினியர்மாரோடை இங்கிலிசிலைதானே கதைச்சவர்."

"அப்ப ஏன் என்னைக் கேட்டவர்?"

அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "நீ இல்லாட்டி அவர் ஆரோடை கதைக்கிறது?" என்றார்.

அதை ஒரு பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நெடுநேரம் யோசித்ததில் எனக்கு ஒரு காரணம்தான் பிடிபட்டது. பெரியப்பா இவ்வளவு நாளும் என் ஆங்கிலத்தைச் சோதித்துக்கொண்டு இருந்திருக்கிறார். தோட்டத்தில் நான் பிழை விட்டுவிட்டேன். அதனால் வேலையை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் லண்டனுக்குத் திரும்பும்வரை, பெரியப்பாவும் அக்காவும் கதைத்துக்கொண்டிருந்த இடமெல்லாம் போய், கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் வெங்காயப் பாத்தியிலும், இன்னுமொரு தடவை கேட்டுப் பார்ப்பார்களோ என்று பக்கத்தில் நின்றேன். அவர்கள் கதைத்துக்கொண்டேயிருந்தார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.